109 சி.சி. ஸ்கூட்டரில் மாற்றுச் சைலன்சர்: பொருத்தியது, அளந்தது, கழற்றியது

ஏற்காட்டுக்குப் பாரத்தோடு ஏறும் ஒரு சிறிய ஸ்கூட்டருக்கு, கடைகளில் ‘பெர்ஃபாமன்ஸ் சைலன்சர்’ என்று விற்பதைப் பொருத்தினால் ஏற்றத்தில் இழுவை கூடுமா என்று பார்க்கத் தொடங்கிய வேலை இப்போது முடிந்துவிட்டது. சைலன்சர் பொருந்தியது, எஞ்சினும் அதற்கேற்பச் சீரானது. ஆனாலும் இன்று வண்டியில் இருப்பது கம்பெனி சைலன்சர்தான். அது ஏன் என்பதை அளவுகளோடும் செலவுகளோடும் வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள் எந்த இடத்தில் பணத்தைப் போடலாம் என்று முடிவுசெய்ய இது உதவக்கூடும்.

வண்டி பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி இருந்த காலத்தது. ஒற்றைச் சிலிண்டர், 109 சி.சி., விசிறிக் காற்றில் குளிரும் எஞ்சின், வேக்கம் வகைக் கார்புரேட்டர், பெல்ட்டும் வேரியேட்டரும் (எஞ்சின் சுற்றுக்கேற்பப் பெல்ட்டின் விகிதத்தைத் தானாக மாற்றும் முன்புறப் புல்லி) கொண்ட கியரில்லா ஓட்டம். திறன் 8 குதிரைத்திறனை ஒட்டியது. சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஏற்காட்டில் மாமாவின் சிறிய காப்பித் தோட்டத்துக்கு ஆளும் மூட்டையுமாக இது அடிக்கடி ஏறி இறங்குகிறது. சமதரையில் எந்தக் குறையும் இல்லை. அடிவாரத்தைத் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கிய பிறகுதான் வண்டியின் எல்லை தெரியும். வளைவுக்குள் வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். திரும்பி முடித்து ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கினாலும் எஞ்சின் முனகிக்கொண்டு மெல்லத்தான் எடுக்கும், அதற்குள் பின்னால் வரும் பேருந்து நெருங்கிவிடும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்று மெலிந்தால் எஞ்சினின் திறனும் மெலியும் என்பதால், கீழே 8 குதிரை என்றால் மேலே 7 குதிரைதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை அளவுகளை மீறினால் 190ஆவது பிரிவு தனியாக வரும். அதில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே பொதுச் சாலையில் புதிய சைலன்சரோடு ஓட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்தேன். கம்பெனி சைலன்சரோடு மலை ஏறி, தோட்டத்துக் கொட்டகையில் மாற்றி, தோட்டத்துக்குள்ளேயே சோதித்து, மீண்டும் பழையதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கீழ்மட்டத்துச் சோதனைக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நண்பரின் தென்னந்தோப்புக்குள் போகும் பாதை பயன்பட்டது. இந்த ஏற்பாடு சிரமமானது என்றாலும், பழையதையும் புதியதையும் ஒரே வானிலையில், ஒரே பாரத்தோடு, ஒரு மணி நேர இடைவெளிக்குள் ஒப்பிடும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது.

சோதனைத் தடம் மாமாவின் தோட்டத்தில் கேட்டிலிருந்து காப்பி உலர்த்தும் களம் வரை காங்கிரீட் போட்ட 150 மீட்டர் ஏற்றம். பின்னால் ஓர் ஆள், காலடியில் 20 கிலோ மூட்டை, நின்ற நிலையிலிருந்து முழு ஆக்சிலேட்டர், களத்து முனையைத் தொடும்போது நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவது என்று வைத்துக்கொண்டேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பலமுறை ஓடவிட்டு, மிக விரைவானதையும் மிக மெதுவானதையும் தள்ளி மற்றவற்றின் சராசரியை எடுத்தேன். கம்பெனி அமைப்பில் 21.2 நொடி வந்தது. பிளக் வயரில் சுற்றிவைக்கும் சிறிய டாக்கோ மீட்டர் கையில் இருந்ததால், ஏற்றத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,600 சுற்றில் நிலைத்து நிற்பதையும் குறித்துக்கொண்டேன். இந்த எண்ணைக் குறித்துவைத்தது பின்னால் மிகவும் பயன்பட்டது. நிறுத்துக் கடிகாரத்தில் கால் நொடிப் பிழை எப்போதும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி சைலன்சரைக் கழற்றுவதில் அவசரப்படக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப்பை (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள். வெப்பமும் மழைநீரும் மாறிமாறிப் பட்டு அவை ஸ்டட்டோடு துருவாக ஒட்டியிருக்கும். ஸ்டட்டோ (தலையில்லாத போல்ட்) அலுமினிய ஹெட்டில் திருகியிருக்கிறது. முந்தைய நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெயை அடித்து வைத்து, காலையில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 10 எண் ரிங் ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருகினேன். திறந்த வாய் ஸ்பேனரை அங்கே வைக்கவே கூடாது. நட்டின் மூலைகள் உருண்டுவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு நட்டு தனியாக வந்தது, மற்றொன்று ஸ்டட்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ஹெட்டின் மறை சேதமாகாமல் இருந்ததால் புதிய 6 மி.மீ. ஸ்டட்டை, இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டும் முறையில் ஏற்றினேன். கிராங்க் கேஸில் சைலன்சரைத் தாங்கும் போல்ட்டுகள் எளிதில் வந்துவிட்டன.

ஹெட்டில் புகை வெளியேறும் வாயான போர்ட்டுக்குள் இருக்கும் வளைய பேக்கிங்கைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். அது நசுங்கி, கரி படிந்து, உலோகத்தோடு உலோகமாகத் தெரியும். கண்ணில் படாமல் அதன்மேலேயே புதிய வளையத்தை வைத்துவிடுவது எளிது. அப்படி வைத்தால் இரண்டும் சரியாக உட்காராமல் ஓரத்தில் காற்று கசியும். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் மெதுவாக நெம்பி எடுத்தேன். இந்த வளையம் ஒரு தடவைக்கு மட்டுமே. நசுங்கித்தான் அது அடைக்கிறது என்பதால் மறுமுறை மாட்டும்போது புதியது வேண்டும். 35 ரூபாய்தான், நான்கைந்து சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது.

புதிய சைலன்சர் 2,400 ரூபாய். 35 செ.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கூடு, உள்ளே துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிக் கிளாஸ் வூலும், வாயில் கழற்றி மாட்டக்கூடிய ஒலி குறைப்பான், அதோடு ஒரு பொதுவான பெண்ட் பைப்பும் வந்தன. அந்தப் பெண்டின் வெளி விட்டம் 32 மி.மீ., தகட்டின் தடிமன் 1.2 மி.மீ. கம்பெனிப் பெண்டை வெர்னியரால் அளந்தபோது உள் விட்டம் 20 மி.மீ. இருந்தது. அதாவது புகை போகும் வழியின் பரப்பு ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் இதைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார்: “இது ரேஸ்ல மேல மேல சுத்தற வண்டிக்குங்க. இவ்ளோ பெரிய பைப்பு போட்டா கீழ இழுவை போயிரும். மலையேறற வண்டிக்கு ஒரு இஞ்சு பைப்பே அதிகம்.” அவர் சொன்னது சரியாக இருக்கும் என்றே தோன்றியது, இருந்தாலும் எவ்வளவு குறைகிறது என்று ஓர் எண் வேண்டுமென்பதற்காக முதலில் அதையே மாட்டினேன்.

தோட்டத்தில் 23.8 நொடி. கம்பெனி அமைப்பைவிட இரண்டரை நொடிக்கும் மேல் மெதுவாக ஏறியது. கிளம்பும்போது ஒரு திணறல், நடுவில் ஒரு விக்கல், ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடிப்பு. சத்தம் மட்டும் மிகப் பெரிதாக இருந்ததால், கடிகாரம் இல்லாமல் ஓட்டியிருந்தால் வண்டி வேகமாகப் போகிறது என்றே நம்பியிருப்பேன். சைலன்சர் மாற்றியதும் பிக்கப் கூடிவிட்டது என்று பலரும் மனமார நம்புவதற்கு இந்தச் சத்தமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு லேத் அண்ணனிடமே ஒரு பெண்ட் செய்யச் சொன்னேன். 25.4 மி.மீ. வெளி விட்டம், 1.2 மி.மீ. தடிமன், ஆகவே உள் விட்டம் 23 மி.மீ. சேலம் உருக்காலை இருக்கும் ஊர் என்பதால் இதையும் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டும்போது குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கான் விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உலோகம் கருகிச் சொரசொரப்பாகத் திரண்டுவிடும். அந்த ஏற்பாடு பட்டறையில் இல்லை. மேலும் அந்த எஃகு சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும்: 40 செ.மீ. குழாய் 300 டிகிரி சூடேறினால் அது 2 மி.மீ., சாதா இரும்பு ஒன்றரை மி.மீ. இந்த இரண்டையும் யோசித்துச் சாதா இரும்பையே எடுத்து, வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் என்பது தெரிந்தே செய்தது.

பெண்டின் வழி மூன்று இடங்களைத் தவிர்த்துப் போக வேண்டியிருந்தது. எஞ்சினின் வலப்பக்கம் உள்ள விசிறிக் கவர் பிளாஸ்டிக். அதற்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது ஒரு விரற்கிடை வேண்டும். அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழைய இடம் வேண்டும். சென்டர் ஸ்டாண்டு மடங்கி மேலே வரும்போது குழாயைத் தொடக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: என் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் சைலன்சரை எடுத்தாக வேண்டும். மலைமேல் பஞ்சர் ஆனால், பஞ்சர் கடைக்காரர் சாதாரண டி ஸ்பேனரால் கழற்றும்படி போல்ட்டுகள் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கூட்டைத் தாங்கும் பிடியை 5 மி.மீ. தகட்டில் வெட்டி, துளைகளை வட்டமாகப் போடாமல் 8.5 மி.மீ. அகலமும் 12 மி.மீ. நீளமுமாக நீளவாக்கில் போடச் சொன்னேன். இந்த ஸ்கூட்டர்களில் எஞ்சினும் பின்சக்கரமும் சைலன்சரும் ஒரே தொகுதியாகச் சேர்ந்தே மேலும் கீழும் ஆடுவதால், பிடியில் ரப்பர் தேவைப்படுவதில்லை. ஆனால் குழாய் சூட்டில் நீள்வதற்கு இடம் விடாவிட்டால், அந்த அழுத்தம் முழுவதும் ஹெட்டில் இருக்கும் இரண்டு சிறிய ஸ்டட்டுகள்மேல் விழும்.

ஃபிளேஞ்ச் (குழாயை ஹெட்டோடு சேர்த்து இறுக்கும் தகடு), குழாய், கூடு மூன்றையும் வண்டியிலேயே வைத்துப் பொட்டு வெல்டிங் மட்டும் போட்டோம். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வெல்டிங் எர்த் கவ்வியை எஞ்சினில் மாட்டாமல் அந்தக் குழாயிலேயே மாட்டினோம். எர்த்தை வேறெங்காவது வைத்தால் மின்சாரம் கிராங்க் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொத்தல் விழுத்தும். பிறகு குழாயைக் கழற்றி, 10 மி.மீ. தடித்த தகட்டில் ஃபிளேஞ்சைப் போல்ட் போட்டு இறுக்கி வைத்து முழு வெல்டிங் செய்தார். அப்படிப் பிடிக்காமல் ஒட்டினால் ஃபிளேஞ்ச் வளைந்து, என்ன இறுக்கினாலும் பேக்கிங் உட்காராது. குழாய், வளைப்பு, ஃபிளேஞ்ச், வெல்டிங் எல்லாம் சேர்த்து 1,250 ரூபாய் வாங்கினார். வேலையின் நேர்த்திக்கு அது குறைவு என்றே சொல்வேன்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா நட்டு போல்ட்டுகளையும் கையால் ஓட்டி, சைலன்சர் எந்தப் பக்கமும் இழுபடாமல் தன் இயல்பில் தொங்குகிறதா என்று பார்த்த பிறகு, முதலில் ஹெட் நட்டுகள் இரண்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். அதன் பின்புதான் பிடியின் போல்ட்டுகள். ஒரு தடவை சூடாகி ஆறிய பின் மறுபடியும் இறுக்கிப் பார்த்தபோது ஹெட் நட்டுகள் கால் சுற்று வாங்கின. கசிவு பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு கணம் பாதி அடைத்துக்கொண்டு மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளித்தேன். குமிழ் எழுந்தால் கசிவு. கூடும் பெண்டும் சேரும் கவ்வியில் சிறிது எழுந்தது. கவ்வியைத் திருப்பிவைத்து இறுக்கியதும் நின்றது.

இனி ஜெட், அதாவது கார்புரேட்டரில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு. புகை எளிதாக வெளியேறினால் எஞ்சின் கூடுதல் காற்றை இழுக்கும். அதற்குத் தக்க பெட்ரோல் கிடைக்காவிட்டால் கலவை மெலிந்து சிலிண்டர் சூடேறும். என் கார்புரேட்டரில் இருந்த மெயின் ஜெட் 95. 23 மி.மீ. குழாயோடு அதையே வைத்து ஓட்டியபோது 22.5 நொடி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் வெள்ளையாக இருந்தது (கலவை மெலிந்ததன் அடையாளம்), பெண்டின் முதல் வளைவில் பெயிண்ட் பொரிந்திருந்தது. பிளக்கைப் படிக்கும்போது முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, அதே நிலையில் சாவியை அணைத்து, வண்டி தானாக நின்ற பிறகு கழற்ற வேண்டும். ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கழற்றினால் அது ஐடிலிங்கின் நிறத்தைத்தான் காட்டும்.

98, 102 என்று இரண்டு ஜெட்டுகளும் 95இல் ஓர் உதிரியும் வாங்கினேன். ஒன்று 90 ரூபாய். எண் சிறிதாகக் கூடினாலும் துளையின் பரப்பு அதைவிட அதிகமாகக் கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும்: 95இலிருந்து 98க்குப் போனால் பரப்பு 6 சதவீதம், 102க்குப் போனால் 15 சதவீதம். தென்னந்தோப்பில் 102 மிக நன்றாக இருந்தது. பிளக் பழுப்பு நிறம், எடுப்பும் சீர். அதே ஜெட்டோடு ஏற்காட்டில் ஓட்டியபோது எஞ்சின் கனத்துப்போய், சுற்று ஏற மறுத்து, பிளக்கில் கரி அப்பியது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கார்புரேட்டரோ பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை. ஆகவே கீழே சரியாக இருந்த கலவை மேலே தானாகவே 5, 6 சதவீதம் செறிந்துவிடுகிறது. சமதரை ஊர்களில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் ஜெட்டைச் சரிசெய்து விட்டுவிடலாம். ஒரே பயணத்தில் 280 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்குப் போகும் வண்டிக்கு எந்த ஜெட்டும் இரண்டு இடத்திலும் முழுச் சரியாக இருக்காது. கடைசியில் 98ஐ வைத்தேன்: சேலத்தில் பிளக் சற்றே வெளிறியும் ஏற்காட்டில் சற்றே கறுத்தும் இருந்தது, இரண்டும் ஆபத்தில்லாத எல்லைக்குள். ஐடிலிங் கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்ததும் கிளம்பும்போது இருந்த திணறல் போய்விட்டது. ஆக்சிலேட்டரை விடும்போது கேட்ட வெடிப்பு மட்டும் முழுதாக நிற்கவில்லை. புகை சுத்தமாவதற்காகப் போர்ட்டுக்குள் காற்று விடும் ஏர் சக்ஷன் வால்வு என் வண்டியில் இருக்கிறது. அதை அடைத்தால் வெடிப்பு நிற்கும் என்றார்கள். புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு தோட்டத்து ஏற்றத்தில் கிடைத்தது 21.6 நொடி. கம்பெனி அமைப்பைவிட இன்னமும் சற்று மெதுவு.

இந்த எண்ணோடு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்கோ மீட்டரில் குறித்துவைத்திருந்த 5,600 அப்போதுதான் பொருள் தந்தது. புதிய சைலன்சரோடும் ஏற்றத்தில் எஞ்சின் அதே 5,600 சுற்றில்தான் நிற்கிறது. ஏனென்றால் அந்தச் சுற்றைத் தீர்மானிப்பது சைலன்சர் அன்று, வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலர்களின் எடை. அகலக் குழாய் எஞ்சினின் இழுவையை மேல் சுற்றுகளுக்குத் தள்ளுகிறது. ரோலர்களோ எஞ்சினை அங்கே போகவிடாமல் கீழேயே பிடித்துவைக்கின்றன. கியர் பைக்கில் ஓட்டுபவர் ஒரு கியர் குறைத்து அந்த மேல் சுற்றுக்குப் போய்விடுவார். ஸ்கூட்டரில் அந்த முடிவு ரோலரின் கையில் இருக்கிறது.

இடப்பக்கக் கவரைத் திறந்து ரோலர்களை எடுத்தேன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் வெள்ளியை நிறுக்கும் கவனத்தோடு அவற்றை நிறுத்துப் பார்த்தோம். புதிதாக இருக்கையில் 13 கிராம் இருக்க வேண்டியவை 12.6க்கும் 12.8க்கும் இடையே, ஒன்றுக்கொன்று மாறுபட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. தட்டையான ரோலர் உருளாமல் சறுக்கும், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். எடை குறைவதைவிட இதுதான் கெடுதல். புதிதாக 11.5 கிராம் ரோலர் செட்டை 420 ரூபாய்க்கு வாங்கி, அதையும் ஒவ்வொன்றாக நிறுத்து, வேறுபாடு 0.1 கிராமுக்குள் இருப்பதை உறுதிசெய்துகொண்டு மாட்டினேன். ரோலரைத் தள்ளும் விசை எடையோடு நேராகவும் சுற்றின் வர்க்கத்தோடும் கூடுவதால், 13இலிருந்து 11.5க்குக் குறைத்தால் அதே விசைக்கு எஞ்சின் 6 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டும்; 5,600 என்பது 5,950 ஆக வேண்டும். மாட்டிய பின் டாக்கோ காட்டியது ஏறத்தாழ 6,000.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ரோலர்களுக்கும் அவை உருளும் தடத்துக்கும் கிரீஸ் போடக் கூடாது. அது பறந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். வேரியேட்டர் நட்டை இறுக்கும் முன், பெல்ட்டைப் பின்புறப் புல்லிக்குள் அழுத்தி முன்பக்கம் நன்றாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பெல்ட் நடுவில் மாட்டிக்கொண்ட நிலையில் நட்டை இறுக்கினால், இறுகியதுபோலத் தோன்றி, வண்டி ஓடியதும் தளர்ந்து, கிராங்க் முனையின் பற்களைத் தின்றுவிடும். அந்தச் சேதத்துக்குக் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

புதிய சைலன்சர், 98 ஜெட், 11.5 கிராம் ரோலர் மூன்றும் சேர்ந்தபோது 19.6 நொடி வந்தது. வளைவிலிருந்து நிமிரும்போது எடுக்கும் எடுப்பு, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கே தெரிந்தது. அன்று மாலையே, ஒப்பீடு முழுமையாக இருக்கட்டும் என்று, கம்பெனி சைலன்சரையும் 95 ஜெட்டையும் திருப்பி மாட்டி, ரோலரை மட்டும் மாற்றாமல் ஓட்டினேன். 19.9 நொடி.

இரண்டுக்கும் இடையே உள்ள 0.3 நொடி என் கடிகாரப் பிழையை ஒட்டியது. முதல் அளவான 21.2இலிருந்து குறைந்ததில் பெரும்பகுதியைக் கொடுத்தது 420 ரூபாய் ரோலர்தான். அதிலும் ஒரு பங்கு எடையைக் குறைத்ததால் வந்தது, மற்றொரு பங்கு தேய்ந்தவற்றைத் தூக்கியெறிந்ததால் வந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் புதிய 13 கிராம் செட்டையும் ஒருமுறை மாட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஒலியையும் அளந்தேன். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் கைப்பேசியை வைத்து, சென்டர் ஸ்டாண்டில் 4,000 சுற்றில் பார்த்தபோது கம்பெனிச் சைலன்சர் 84 டெசிபல், புதியது 99, ஒலி குறைப்பானோடு 93. கைப்பேசி அளவு துல்லியமன்று, ஒப்பிட மட்டுமே உதவும். 80 முதல் 175 சி.சி. வரையான இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் உள்ள 77 டெசிபல் வரம்பு, ஓடும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளப்பது. அதோடு இந்த எண்களை நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் இரு மடங்காகப்படும் என்பதால் 15 கூடியது எவ்வளவு என்று ஊகிக்கலாம். மாமா அளவெல்லாம் கேட்கவில்லை. “காட்டெருமை கலையுது மாப்ள. கீழ ஓடைப் பக்கம் பறிக்கிற ஆளுங்க நிக்கிறாங்க, அது மிரண்டு அந்தப் பக்கம் போனா என்ன பண்றது?” என்றார். சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் காப்பிச் செடிகளுக்கிடையே வந்து நிற்பது வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தோட்டத்திலும் புதிய சைலன்சரை ஓட்டவில்லை. அதில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது என்பதும் என் முடிவுக்கு இன்னொரு காரணம்.

செலவு: சைலன்சர் 2,400, பெண்ட் வேலை 1,250, பேக்கிங் வளையங்கள் 140, ஜெட்டுகள் 270, ரோலர் 420, பிளக் 120, பெயிண்ட் 260, ஆக மொத்தம் 4,860 ரூபாய். இதில் இன்று வண்டியில் இருப்பவை ரோலர், பிளக், ஒரு பேக்கிங் வளையம் மட்டும்: 575 ரூபாய். ரோலர் மாற்றியதன் விலையாக, லிட்டருக்கு 46 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 43 கொடுக்கிறது. சமதரையில் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்று உயர்ந்து சுற்றுகிறது. 12 கிராமில் ஒரு செட் போட்டால் அதில் பாதியை மீட்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஏற்றத்தில் அரை நொடி போனாலும் பரவாயில்லை. பெல்ட் இப்போது அதிகச் சூட்டில் ஓடுவதால், கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே அதன் அகலத்தை வெர்னியரால் அளந்து, ரோலர்களையும் மறுபடி தராசில் வைத்துப் பார்க்க 5,000 கிலோமீட்டரைக் குறித்துவைத்திருக்கிறேன்.